பொண்ணு ஃபிசிக்ஸ்தான் வேணும்ன்றா, சேக்கலாமா?

தண்டையார்பேட்டைலருந்து எழுதுன அக்காவுக்கு. கைரோஸ்கோப்ப, அதாவது பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே அச்ச ஒரே திசைல வச்சிருக்குற கருவிய, விண்வெளிக்கு அனுப்பி ஐன்ஸ்டீன் சொன்னத சோதிச்ச வீடியோ ஒன்னு பாத்துட்டு, பொண்ணு ஃபிசிக்ஸ்னு புடிவாதமா இருக்கா, அவங்கப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்ன்றார், இதுல வேலை கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல அவ என்னத்த பாத்து மயங்கினான்னு தெரிஞ்சுக்கங்க. கிராவிட்டி ப்ரோப் பி-ன்னு நாசா 2004 ஏப்ரல்ல ஒரு சாட்டிலைட் விட்டாங்க, 642 கிலோமீட்டர் உயரம், உள்ள பிங்பாங் பந்து சைஸ்ல நாலு குவார்ட்ஸ் உருண்டை, அதுங்கதான் கைரோஸ்கோப், திரவ ஹீலியத்துல குளிர வச்சு சுத்த விட்டு, ஒரு நட்சத்திரத்த குறி வச்சு அச்சு எவ்ளோ சாயுதுன்னு பாத்தாங்க. ஐன்ஸ்டீன் சொன்னபடி, பூமி தன்ன சுத்தி இருக்குற வெளிய, அதாவது ஸ்பேஸ, வளைக்குறதால அச்சு வருஷத்துக்கு 6,606 மில்லி ஆர்க்செகண்ட் (கோணத்த அளக்குற ரொம்ப சின்ன அளவு) சாயணும், பூமி சுழலும்போது அந்த வெளியையும் இழுக்குறதால இன்னொரு திசைல வெறும் 39. ஒரு டிகிரிக்கு 36 லட்சம் மில்லி ஆர்க்செகண்ட்க்கா, யோசிச்சு பாருங்க! 2011ல வந்த ரிசல்ட் 6,602, இன்னொன்னு 37. ரெண்டாவதுல பிழை வரம்பு 19 சதவீதம், ஏன்னா உருண்டை மேல ஒட்டிருந்த மின்னூட்ட திட்டுங்க அச்ச லேசா தள்ளி விட்டுச்சு, அத டேட்டாலருந்து பிரிச்செடுக்கவே வருஷக்கணக்குல ஆச்சு.

யோசனை வந்தது 1960 வாக்குல, ரிசல்ட் 2011ல. இந்த பொறுமை இருக்கான்னு அவகிட்டயே கேளுங்க. ஆனா இடைல சுமார் 100 பேர் இத வச்சே டாக்டரேட் வாங்கினாங்க, தியரி மட்டும் இல்ல, கிரையோஜெனிக்ஸ் (கடுங்குளிர் தொழில்நுட்பம்), ஆப்டிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ், டேட்டா எல்லாம் கத்துக்கிட்டாங்க, அதுக்கெல்லாம் வெளிலயும் வேலை இருக்கு. இங்கயே திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட ஐஐஎஸ்யூன்ற யூனிட் ராக்கெட்டுக்கு கைரோ செய்யுது, அதுக்கு மெக்கானிக்கல், ஈசிஈ ஆளுங்களும் வேணும், அதனால அப்பாவோட இன்ஜினியரிங் ஆசையும் அடிபட்டு போகல.

ஃபிசிக்ஸே வேணும்னா ஐஏடின்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐசர், இல்ல நெஸ்ட்ன்ற தேர்வு எழுதி நைசர், ரெண்டுமே மத்திய அரசோட அறிவியல் படிப்பு நிறுவனங்க. கிடைக்கலன்னா இடிஞ்சு போகாதீங்க, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரில பிஎஸ்சி படிச்சு, ஜாம்ன்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடில எம்எஸ்சி போலாம், கவர்மெண்ட் காலேஜ் ஃபீஸ் உங்களால கட்ட முடியும், பஸ்லயே போய்ட்டு வந்துடலாம், என்ன கேட்டா இது ரொம்ப நல்ல வழி. கணக்குல மார்க் எப்படின்னு எழுதுங்க, அதான் எனக்கு முக்கியம். பைத்தான் புரோகிராமிங்க இப்பவே தொடங்க சொல்லுங்க. கம்யூனிட்டி, வருமான சர்டிபிகேட் ரெண்டையும் எடுத்து வைங்க, ஃபார்ம் வந்தப்புறம் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீங்க.