மாநாட்டுக்குப் போகலாமா? யாரைப் பார்க்க என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தரும் சிறிய தொண்டு அமைப்பு எங்களுடையது. இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணமும் பயணமும் சேர்ந்தால் எங்கள் மூன்று மாத ஒலிப்பதிவுச் செலவு. 'எல்லாம் இணையத்தில் கிடைக்குமே' என்கிறார்கள் குழுவினர். போவதால் பயன் உண்டா?

பதில்: உரை கேட்கத்தான் என்றால் போகாதீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் குழுவினர் சொல்வது சரி. பல உரைகள் பிறகு வீடியோவாக வந்துவிடும். ஆட்களைப் பார்க்க என்றால் தாராளமாகப் போகலாம்.

நேரில் போனால்தான் காதில் விழும் செய்திகள் உண்டு. எந்த நிதி கைக்கு வர மாதக்கணக்கில் இழுக்கும், எந்தப் பதிவு முறையை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள், தன்னார்வலர்கள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள்... இவற்றை ஆண்டறிக்கையில் யாரும் போட மாட்டார்கள். மின்னஞ்சலில் கேட்டாலும் மழுப்புவார்கள். இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மனம்விட்டுச் சொல்வார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; புதுச் செய்தி அதிகமும் லேசான பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வரும். உங்கள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதிவு செய்யப்போகும் நூலை வேறொரு அமைப்பு ஏற்கெனவே முடித்து வைத்திருக்கலாம். பார்வையற்றோர் படிப்பதற்காகப் பதிப்புரிமையில் விலக்கு தரும், 2013இல் உருவான மராகேஷ் சர்வதேச ஒப்பந்தம், அதில் சேர்ந்த நாடுகளின் உரிய அமைப்புகள் இத்தகைய பிரதிகளை எல்லை தாண்டியும் பகிர்ந்துகொள்ள வழிசெய்கிறது. ஆனால் யாரிடம் எந்த நூல் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? அப்படி ஓர் ஆள் கிடைத்தால் போதும், போன செலவு திரும்பிவிடும்.

இப்போது எச்சரிக்கை. இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மாநாட்டு வளாகத்தில் 'பெரிய நன்கொடையாளர்களிடம் அழைத்துப் போகிறேன், வரும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுங்கள்' என்று ஒருவர் வருவார். உடனே விலகிவிடுங்கள். நிதி திரட்டும் தொழில்முறையாளர்களின் சர்வதேசச் சங்கமே சதவீதக் கூலியைத் தன் நெறிமுறையில் தடுத்திருக்கிறது. மாணவர்களுக்கென்று ஒருவர் கொடுத்த பணத்தில் இன்னொருவர் பங்கு எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அப்புறம் விருதுக் கடிதம்: 'உங்கள் சேவைக்குச் சர்வதேச விருது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்.' கட்டணம் கட்டி வாங்குவது விருதே இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பெயரைச் சொல்லியே இப்படி மோசடி நடக்கிறது; அந்தச் சபையே பொது எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்களுக்கு வந்த அழைப்பையும் சோதியுங்கள். போன வருடம் பேசியவர்களில் இருவரைத் தேடிப்பிடித்து, உண்மையில் போனீர்களா என்று கேளுங்கள்.

எப்போது போகக் கூடாது? போகிறவர் சில மாதங்களில் அமைப்பை விட்டு விலகக்கூடியவர் என்றால் அனுப்பாதீர்கள். பழக்கம் ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அவர் போனால் அதுவும் போய்விடும். விலகுபவர் ஒவ்வொரு சந்திப்பையும் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதிவைத்து, தனக்குப் பின் வருபவரை அவர்களிடம் தானே பேசி அறிமுகப்படுத்துவார் என்றால் அனுப்பலாம். அந்த அறிமுகத்தைத் தள்ளிப்போட வேண்டாம், மாநாடு முடிந்த மாதத்திலேயே நடக்கட்டும். இருவரை அனுப்ப வசதி இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

நிதி தருபவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. கூட்டாகச் செயல்படுங்கள் என்பார்கள். பயணச் செலவைக் காட்டினால் வீண்செலவு என்று அடிப்பார்கள். அமைப்பாளர்களும் காலை முதல் மாலை வரை உரைகளை அடுக்கிவிட்டுப் பத்து நிமிட இடைவேளை விடுகிறார்கள். எல்லோரும் அப்படியில்லை. செய்யும் உதவி அதிகப் பயன் தர வேண்டும் என்று பார்க்கும் 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' (ஈஏ) இயக்கத்தின் ஈஏ குளோபல் மாநாடுகளில் தனிச் சந்திப்புகளுக்குத்தான் முதலிடம். செயலி வழியாக முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். இரண்டு வாரம் முன்பே பங்கேற்பாளர் பட்டியலைக் கேட்டு வாங்கி ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். 'இந்த ஒரு விஷயம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும்' என்று எழுதுங்கள். நான்கு பேராவது சம்மதித்தால் பயணச்சீட்டு எடுங்கள். ஒருவரும் பதில் போடவில்லையென்றால் அந்தப் பணத்தை ஒலிப்பதிவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணச் சலுகை உண்டா என்றும் அமைப்பாளர்களிடம் கேளுங்கள்; கேட்டால் கிடைக்கலாம்.