வராண்டாவில் பூனைகளுக்கு இடம்: கூண்டு வாங்குவதா, வலை அடிப்பதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பீனிக்ஸில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் முதல் மாடியில் வசிக்கிறோம். ஆறு வயதான பெட்டைப் பூனை ஒன்று எங்களிடம் இருக்கிறது. இப்போது நான்கு மாதக் கடுவன் குட்டி ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறோம். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவோம். காலை நேரங்களில் குரங்குகள் வராண்டா வரை வருகின்றன. சென்ற தீபாவளியன்று வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிய பெரிய பூனை இரண்டு நாள் கழித்தே வீடு திரும்பியது. கடையில் 90 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூன்றடுக்குக் கூண்டு ஒன்றைப் பார்த்தேன். பகல் முழுவதும் இரண்டையும் அதில் விட்டுச் செல்லலாமா? அதை எங்கே வைப்பது, உள்ளே என்னென்ன வேண்டும்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். பகல் முழுவதும் இரண்டு பூனைகளையும் அந்தக் கூண்டில் அடைக்க வேண்டாம். அது தரத்தில் குறைந்த பொருள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பூனை எத்தனை மணி நேரம் அடைபட்டிருக்கப் போகிறதோ அதைப் பொறுத்தே அதற்கான இடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லும் அரைமணி நேரத்துக்கு ஒரு கைப்பெட்டி போதும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில நாள் ஓய்வுக்கு இந்தக் கூண்டு போதும். தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் என்றால், அதுவும் ஒன்றையொன்று இன்னும் அறியாத இரண்டு பூனைகளுக்கு என்றால், கணக்கே வேறு.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை வளர்ந்த பூனை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். மலசலம் கழிப்பதற்கான மணல் தட்டு அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால்தான் பூனை உள்ளே திரும்பி, தோண்டி, மூடிவிட்டு வெளியே வர முடியும். அதாவது 70 சென்டிமீட்டரை ஒட்டிய தட்டு வேண்டும். உங்கள் கூண்டின் அடித்தளமே 90 சென்டிமீட்டர்தான். தட்டை வைத்த பின் எஞ்சுவது ஒரு கிண்ணம் வைக்கும் இடம். ஆனால் மணல் தட்டுக்கும் உணவுக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் தூரம் வேண்டும் என்பது விலங்குக் காப்பகங்களுக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள நெறி. கூண்டின் மேல் அடுக்குகளில் உணவை வைத்து இதை ஓரளவு சமாளிக்கலாம் என்றாலும், கீழே மணல் தட்டின் அருகே ஒரு பூனை படுத்துக்கொண்டால் மற்றது இறங்கவே அஞ்சும். பூனைகள் நாய்களைப் போலக் கூட்டமாக வாழ்ந்து பழகியவை அல்ல. பிடிக்காத இன்னொரு பூனையிடமிருந்து விலகிச் செல்ல வழி இருக்கும்வரை அவை சண்டையைத் தவிர்க்கும். வழி அடைபட்டால் ஒன்று தாக்கும், மற்றது உண்ணாமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் ஒடுங்கிக் கிடக்கும்.

ஆகவே என் ஆலோசனை இது: வராண்டாவைப் பூனைகளுக்கான இடமாக வலையடித்து மாற்றுங்கள்; கூண்டை முதல் சில வாரங்களில் குட்டியை அறிமுகப்படுத்துவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தெரிந்தவர்களிடம் இரவல் கிடைத்தால் கூண்டை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் அறிமுகம். குட்டிக்கு ஒரு படுக்கையறையைத் தனியாக ஒதுக்கி, கூண்டை அந்த அறையில் இரண்டு சுவர்கள் கூடும் மூலையில் வைத்து, மூன்று பக்கங்களையும் மேற்புறத்தையும் பழைய போர்வையால் மூடிவிடுங்கள். நீங்கள் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் கூண்டின் கதவு திறந்தே இருக்கட்டும். அறைக்கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும். குட்டி உடம்பைத் தேய்த்துப் படுத்த துணியைப் பெரிய பூனையின் இடத்திலும், பெரிய பூனையின் துணியைக் குட்டியின் அறையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். பூனைகள் கண்ணால் சந்திப்பதற்கு முன் மூக்கால் சந்திக்க வேண்டும். இரண்டும் அந்தத் துணியை முகர்ந்துவிட்டுச் சீறாமல் நகரத் தொடங்கிய பிறகு, மாலையில் நீங்கள் அருகில் இருக்கும்போது குட்டியைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, பெரிய பூனைக்குச் சில அடி தள்ளி உணவு வையுங்கள். அது நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்காமல் முழுவதையும் உண்டால், மறுநாள் கிண்ணத்தைச் சற்று நெருக்கமாக வைக்கலாம். உணவைத் தொடாமல் கூண்டையே வெறித்துப் பார்த்தால், தூரத்தைக் கூட்டுங்கள். இதற்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது. பெரிய பூனையின் உடல்மொழியே கணக்கு. இந்தத் தனிமைக் காலத்திலேயே குட்டியை மருத்துவரிடம் காட்டி, பூனை ரத்தப்புற்று வைரஸுக்கான பரிசோதனையையும் தடுப்பூசிகளையும் முடித்துவிடுவது நல்லது. ஆறு மாதம் ஆவதற்குள் கருத்தடையும் செய்துவிடுங்கள். தாமதித்தால் கடுவன் வலையெங்கும் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கிவிடும்.

இனி வராண்டா. திருடர்களுக்காகப் போட்ட கம்பிகளை நம்பிக் குட்டியை அங்கே விடாதீர்கள். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டாகப் பிணைந்திருக்கவில்லை; தசைகளுக்கிடையே மிதந்துகொண்டிருக்கிறது. அதனால் தலை நுழையும் இடைவெளியில் தோள்களும் சுருங்கி நுழைந்துவிடும். வலையின் கண் 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குரங்குத் தொல்லை உள்ள உங்கள் வீட்டுக்கு 13 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையையே பரிந்துரைப்பேன். உங்கள் பக்கம் வரும் வெர்வெட் இனக் குரங்கின் கை மெலிந்தது, பெரிய கண் வழியாக விரல்களை விட்டுத் துழாவும். பற்றவைத்த துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையைக் கேட்டு வாங்குங்கள். முறுக்கிப் பின்னிய கோழிவலை நாளடைவில் தொய்ந்து கண் அகன்றுவிடும். கொசுவலை நகத்துக்குத் தாங்காது.

வலையைக் கம்பிகளின் உட்புறத்தில் வைத்துக் கட்டுங்கள். அப்போதுதான் பூனை தாவி மோதும்போது வலை கம்பிகளின் மேல் அழுந்தி நிற்கும்; வெளிப்புறம் கட்டினால் ஒவ்வொரு மோதலும் கட்டுகளைப் பிய்க்கும். பிளாஸ்டிக் பட்டைகள் வெயிலில் நொறுங்கிப் போகும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால், ஒரு சாண் தூரத்துக்கு ஒரு கட்டாவது வரும்படி இறுக்குங்கள். வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்து, துத்தநாக வண்ணம் பூசுங்கள். டர்பனின் கடற்காற்றில் உள்ள உப்பு முதலில் கடிப்பது அந்த வெட்டு முனைகளைத்தான்; பூச்சு போன இடத்தில் துரு தொடங்கி, பார்வைக்கு முழுதாக இருக்கும் வலை கை வைத்ததும் உதிரும். வேலை முடிந்ததும் நான்கு மூலைகளிலும் உள்ளங்கையை வைத்து, நான்கைந்து கிலோ எடையுள்ள பூனை பாய்ந்து விழுவதைப் போல வேகமாகத் தள்ளிப் பாருங்கள். விளிம்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வலை விலகினால் அங்கே மேலும் கட்டுகள் தேவை. மேற்புறம் திறந்திருந்தால் அதையும் மூட வேண்டும். தாழ்ப்பாளைக் குரங்குகள் கற்றுக்கொண்டுவிடும். தாழ்ப்பாளின் துளையில் திருகி மூடும் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். வராண்டாவில் உணவுக் கிண்ணத்தை வைக்காதீர்கள். குரங்கை வரவழைப்பது பூனையல்ல, உணவின் வாசனை. சாப்பாடு வீட்டுக்குள், தண்ணீர் மட்டும் வராண்டாவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்; உணவிலிருந்து தள்ளி வைத்த தண்ணீரைப் பல பூனைகள் விரும்பிக் குடிக்கும் என்பதால் அவற்றுக்கும் இது நல்லதே.

உள்ளமைப்பில் எல்லோரும் தரையை அளக்கிறார்கள். பூனை உயரத்தை அளக்கிறது. சுவரில் 30 சென்டிமீட்டர் அகலப் பலகைகளை ஒன்றுக்கொன்று 40 முதல் 50 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் படிபோல அமையுங்கள். மேல்தளம் ஒரு முட்டுச்சந்தாக இருந்துவிடாமல், இறங்குவதற்கு இரண்டாவது வழி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு வழியில் குட்டி உட்கார்ந்திருந்தால் மூத்த பூனை மறுவழியில் போய்க்கொள்ளும். பலகையில் பழைய கம்பளத் துண்டை ஒட்டினால் வழுக்காது.

இவற்றைவிட முக்கியமானது ஒளிந்துகொள்ள ஓர் இடம். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ளும் பெட்டிகளைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 2014இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பெட்டி கிடைத்த பூனைகள் முதல் நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாகப் பதற்றம் தணிந்து காணப்பட்டன. விலையுயர்ந்த பஞ்சு வீடுகள் தேவையில்லை. பூனைக்கொன்றாக இரண்டு அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு வாசல்கள். ஒன்று தரையில், மற்றது பலகை மேல். நனைந்தால் தூக்கிப்போட்டு வேறு வைக்கலாம். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் ஒரு பாயையாவது தொங்கவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதக் கோடைப் புழுக்கத்தில் நிழலில்லாத வராண்டாவில் எந்தப் பூனையையும் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. அந்த மாதங்களில் வீட்டுக்குள் செல்லும் கதவைப் பூனை நுழையும் அளவுக்குத் திறந்து வையுங்கள்.

மணல் தட்டுகள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, அதாவது உங்கள் வீட்டில் மூன்று இருக்க வேண்டும். மூன்றையும் வரிசையாக ஒரே இடத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். ஒன்றை வராண்டாவிலும், ஒன்றைக் குளியலறையிலும், ஒன்றைக் குட்டியின் அறையிலும் வையுங்கள். வாசனை சேர்க்காத மணலை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் போதும். கழிவை நாள்தோறும் அள்ளிவிட வேண்டும். நாற்றத்துக்காக மட்டுமல்ல, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனையின் மலத்தில் வெளிவந்தாலும், அவை தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அன்றைக்கன்று அள்ளினால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைகிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். அள்ளும்போது கவனியுங்கள்: கடுவன் திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்தும் மணல் நனையவில்லை என்றால் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உயிர் போய்விடும். அந்த நேரமே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தட்டையும் வராண்டாத் தரையையும் கழுவ நம் வீடுகளில் கை தானாகப் போவது ஜேஸ் திரவம், டெட்டால் ஆகிய கிருமிநாசினிகளுக்குத்தான். இரண்டையும் பூனை நடமாடும் இடத்தில் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கியே நஞ்சேறும். சோப்பும் வெந்நீரும் அன்றாடத்துக்குப் போதும். நோய்க்கிருமிகளைக் கொல்ல வேண்டியிருந்தால் ஜிக் போன்ற வெளுப்பானை நீரில் நன்கு கலந்து பயன்படுத்தி, பின் நீரால் அலசிக் காய வையுங்கள். ஆனால் சிறுநீரை முழுவதும் கழுவிய பிறகே வெளுப்பானை ஊற்ற வேண்டும், இல்லையென்றால் சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு எழும்.

பூஜையறையை வராண்டாவை ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கற்பூரம் பூனைக்கு நஞ்சு. டப்பாவை மூடி உயரத்தில் வையுங்கள், சாம்பிராணி போடும்போது பூனைகள் வேறு அறையில் இருக்கட்டும். பூச்செண்டுகளில் வரும் லில்லி மலர் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது: அதன் மகரந்தத்தை நக்கினாலும், அது நின்ற தண்ணீரைக் குடித்தாலும்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். தெள்ளுப் பூச்சிக்கு நாய்களுக்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனையைக் கொல்லக்கூடியது.

தீபாவளிக்கும், அதை ஒட்டிவரும் நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் நாள் வெடிகளுக்கும் எவ்வளவு உறுதியான வராண்டா அடைப்பும் போதாது. வெளிச்சமும் சத்தமும் நேராக வந்து விழும் இடம் அது. பீதியில் வலையில் மோதி நகம் பிய்த்துக்கொள்ளும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று பிற்பகலிலேயே இரண்டையும் உள்ளறைக்கு மாற்றி, சன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளையும் மணல் தட்டையும் உள்ளே வைத்து, வானொலியை மெல்லிய குரலில் பாடவிடுங்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள். இரண்டுக்கும் உரிமையாளரை அடையாளம் காட்டும் நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்திவிட்டால், தப்பித் தவறி ஓடினாலும் உங்களிடம் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நாய்க்கும் பூனைக்கும் அது சட்டப்படி கட்டாயம். உங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநோய் இன்றும் ஒழிந்தபாடில்லை. 3 மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதங்களுக்குள் இரண்டாவது, பின் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை. உங்கள் குட்டிக்கு முதல் ஊசியின் வயது கடந்துவிட்டது. இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

கடைசியாக, உங்களுடையது வளாகக் குடியிருப்பு என்பதால் வலைக்கு, வளாகத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்களின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டியிருக்கும். பகுதியுரிமைக் குடியிருப்புகளுக்கான (வீடு தனி உரிமையாகவும் வளாகம் பொதுவாகவும் இருப்பவை) 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது நடத்தை விதிகள், விலங்குகளோ பூச்சிகளோ நுழையாமல் தடுக்கும் வலைகளை அமைக்க இடமளிக்கின்றன. வலையின் தன்மைக்கும் வடிவத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பதே நிபந்தனை. பூனை வளர்ப்பதற்கும் அனுமதி தேவை, அதை நியாயமின்றி மறுக்கக் கூடாது என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. உங்கள் வளாகம் தனக்கென விதிகளை மாற்றி வைத்திருக்கக்கூடும் என்பதால் அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். விண்ணப்பத்தில் வலையின் கண் அளவு, நிறம், சுவரில் துளையிடாமல் கம்பிகளின் உட்புறத்தில் கட்டப்படும் என்ற விவரம், ஒரு புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்தால் மறுப்பதற்குக் காரணம் குறையும். ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வலையை வாங்குங்கள். அதுவரை நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்திலும் வராண்டாக் கதவு சாத்தியே இருக்கட்டும்.