கிராம சபையில் இளம்பெண்கள் பேசுவது தீர்மானமாக ஏன் மாறுவதில்லை?

"கூட்டத்தில் எழுந்து பேசினோம், தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். வாயால் சொன்னது பெரும்பாலும் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள்.

முதலில், நீங்கள் இருப்பது ஊராட்சியா பேரூராட்சியா என்று பாருங்கள். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. மனு செயல் அலுவலரிடம் போக வேண்டும். ஊராட்சி என்றால், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள 18 வயது நிரம்பிய யாரும் உறுப்பினர்தான். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "பெண்கள் பாதுகாப்புக்கு ஆவன செய்க" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "அண்டி ஆபீசிலிருந்து (முந்திரி ஆலை) பஸ் ஸ்டாப் வரை, இன்ன எண்ணுள்ள மின்கம்பங்களில் விளக்கு எரியவில்லை, மாலை வேலை முடிந்து பெண்கள் இவ்வழியே நடக்கிறார்கள்" என்று எழுதுங்கள். கம்பத்திலேயே எண் இருக்கும்.

தனியாகப் போகாதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பத்துப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்தாலே பேச்சின் தொனி மாறும். ஒருவர் மனுவை வாசிக்க, இன்னொருவர் "தீர்மானமாகப் பதியுங்கள்" என்று கேட்க வேண்டும்.

கோட்டை விடுவது கையெழுத்தில்தான். வந்ததுமே வருகைப் பதிவில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பிறகு தீர்மானம் எப்படி எழுதப்பட்டாலும் உங்கள் கையெழுத்து அதற்குத் துணை நிற்கும். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016-இலேயே சட்டமாகிவிட்டது. ஆனாலும் தலைவி நாற்காலியில் இருக்க, பதில் சொல்வது அவர் கணவராக இருக்கலாம். "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று தலைவியையே பார்த்துக் கேளுங்கள்.