பால்சா கிளைடரைப் பலப்படுத்தலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஐ.சி.எஃப்பில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எட்டாவது படிக்கும் பேரனுக்காக 2 மீட்டர் இறக்கை உள்ள ரிமோட் கிளைடர் (காற்றில் சறுக்கிப் பறக்கும் மாதிரி விமானம்) கிட் ஒன்று வாங்கினேன். எல்லாம் பால்சா மரம். மூக்கில் சின்ன மோட்டார் வைக்கவும் இடம் இருக்கிறது. குச்சிகளைப் பார்த்தால் ஊதினாலே உடைந்துவிடும் போலிருக்கிறது. அரால்டைட்டும் ஃபைபர் துணியும் போட்டுப் பலப்படுத்தலாமா? இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்துக் கட்டி முடிக்க முடியுமா? மெரினாவில் பறக்க விடலாமா? பேரன் முதல் நாளே உடைத்துவிட்டால் என்ன செய்வது?”

ஐயா, அரால்டைட்டை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். இரண்டே இடத்துக்குத்தான் அது வேண்டும்.

ரயில் பெட்டி கட்டிய கைக்குப் பால்சாவைப் பார்த்தால் பயம் வருவது நியாயம்தான். அங்கே சந்தேகம் வந்தால் ஒரு தகடு கூடப் போடுவீர்கள். இங்கே சந்தேகம் வந்தால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டும். 2 மீட்டர் கிளைடர், பேட்டரி, சர்வோ (வால் தட்டுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) எல்லாம் ஏற்றிய பிறகு 700 முதல் 1,000 கிராமுக்குள் இருந்தால் நல்லது. எடை கூடக் கூட, விழாமல் மிதக்க அதற்கு அதிக வேகம் வேண்டும். அதே வேகத்தோடுதான் தரைக்கும் வரும். உடையாமல் இருக்க நீங்கள் ஏற்றிய எடையே கடைசியில் மூக்கை உடைத்துவிடும்.

வாலில் ஏறும் எடை இன்னும் மோசம். விமானத்தின் எடை மையத்திலிருந்து வால் வெகு தூரத்தில் இருக்கிறது, மூக்கு பக்கத்தில் இருக்கிறது. வாலில் ஒரு கிராம் பசை கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டி வரும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் சமையலறைத் தராசில் பால்சாப் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு எடை இருப்பது இந்த மரத்தில் சாதாரணம். லேசானது வாலுக்கு, கனமானது மூக்குப் பக்கத்துக்கு.

அப்படியானால் பலம் எங்கிருந்து வரும்? இறக்கைக்குள் மேலும் கீழுமாக இரண்டு ஸ்பார் குச்சிகள் நீளவாக்கில் ஓடும். இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டுகளான ரிப்புகளுக்கு இடையே அந்த இரண்டையும் இணைத்து மெல்லிய பால்சாத் துண்டுகளை ஒட்டச் சொல்லியிருப்பார்கள். ஐ-பீமில் நடுத்தகடு செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. இதுவும் அதே வேலைதான். ஆனால் இந்தத் துண்டுகளில் மரத்தின் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். வெட்டுவதற்கு வசதி என்று பலரும் நாரைக் கிடைவாட்டில் வைத்து ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கயிறு கட்டி இழுத்து ஏற்றும்போதோ, வேகமாக இறங்கிச் சட்டென்று தூக்கும்போதோ இறக்கை மடங்கிவிடும். இந்தத் துண்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவிட்டாலும் தகும். அரால்டைட் வேண்டிய இரண்டு இடங்கள்: இறக்கையின் இரு பாதிகளும் சேரும் நடு இணைப்பு, மோட்டார் மாட்டும் பிளைவுட் தட்டு. ஃபைபர் துணி போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த நடு இணைப்பைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற இணைப்புகளுக்கு ஃபெவி க்விக் வகைப் பசை போதும். காற்றிலுள்ள ஈரம் பட்டால்தான் அது இறுகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லையே, பொருத்திச் சரிபார்ப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். அதனால் பாகங்களை முதலில் பசையில்லாமல் சேர்த்து நிறுத்தி, இடைவெளி இல்லை என்று பார்த்துவிட்டு, மூலையில் ஒரு சொட்டு விடுங்கள். தானே உறிஞ்சிக்கொள்ளும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி போடட்டும். சிந்தியதைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டாம். பருத்தியில் பட்டால் இந்தப் பசை சுடும், புகையும் வரும். நீளமான விளிம்புகளை ஒட்ட ஃபெவிகால் நல்லது. ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால், காயும்போது மெல்லிய பலகையை வளைத்துவிடும். ராத்திரி முழுக்கக் குண்டூசி குத்தி அழுத்தியே வைத்திருங்கள்.

ஃபிளாட்டில் கட்ட முடியுமா என்றால், தாராளமாக. உங்களுக்கு வேண்டியது வளையாத ஒரு பரப்பு, அவ்வளவுதான். மரக்கடையில் ஒரு ஃபிளஷ் கதவு வாங்கி, நோட்டீஸ் போர்டுக்குப் போடும் சாஃப்ட் போர்டை அதன்மேல் ஒட்டினால் குண்டூசி இறங்கும் மேசை தயார். வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கிட்டோடு வந்த வரைபடத்தை அதில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, அதன்மேல் கட்டுங்கள். நீளமான இரும்பு ஸ்கேலை நாலு பக்கமும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பலகை கோணினால் இறக்கையும் கோணும்.

இந்தக் கோணல் விஷயத்தில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். முதல் நாள் விழுகிற கிளைடர்களில் பலவற்றுக்கு ஓட்டுபவர்மேல் பழி போடுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஒரு இறக்கை முறுக்கியிருக்கும், அல்லது எடை மையம் பின்னால் தள்ளியிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே கண்டுபிடித்திருக்கலாம். இறக்கைமேல் போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிமை இஸ்திரி போட்டு ஒட்டி முடித்ததும், விமானத்தைக் கட்டிலில் வைத்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு சற்றே மேலே தூக்கியிருக்க வேண்டும், இரண்டு டிகிரி அளவுக்கு. இரு பக்கமும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேகம் குறையும்போது நுனிகள் கடைசியில்தான் பிடி விடும், விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து சுழலாது. ஒரு பக்கம் மாறியிருந்தால் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஃபிலிமின்மேல் மீண்டும் இஸ்திரியை ஓட்டி, ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். இதற்கு நாலு கை வேண்டும். பேரன் இருக்கிறானே.

ஃபிலிம் நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் காலை வானம் நீலமாக இருப்பதைவிட வெளுத்துப் புகைமூட்டமாக இருப்பதே அதிகம். அடிப்பக்கம் கரும் நிறமாக இருந்தால்தான் உயரத்தில் தெரியும். மேலே ஆரஞ்சு, மஞ்சள் எதுவானாலும் சரி. கட்டி முடித்ததை மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் வைத்துவிடாதீர்கள். மே மாத வெயிலில் காங்கிரீட் சூடேறி, ஃபிலிம் தொய்ந்து, இறக்கை முறுக்கிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் இதே கதிதான். சுவர் மூலையில் சாய்த்தும் வைக்க வேண்டாம். இரண்டு ஆணி அடித்து, கிடையாகத் தாங்கி வையுங்கள்.

எடை மையம்: வரைபடத்தில் குறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இறக்கை 21 செ.மீ. அகலம் என்றால் 7 செ.மீ.யில். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு ஆள்காட்டி விரல்களால் தாங்கினால் மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். வால் சாய்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அதன் பிறகும் சாய்ந்தால்தான் ஈயம்.

மின்சாமான்களில் நீங்கள் திணற மாட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், நாலு சேனல் போதும். மூன்று செல் லைப்போ பேட்டரி, 1,300 எம்.ஏ.ஹெச். ஏறும்போது மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 வினாடி ஏற்றத்துக்கு 104 எம்.ஏ.ஹெச். செலவு. பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல் பத்து தடவை ஏற்றலாம். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழுச் சார்ஜில் போட்டு வைத்தால் உப்பிவிடும். வீட்டில் எதையாவது சோதிக்கும்போது மோட்டார் விசிறியைக் கழற்றிவிட்டே பேட்டரியை இணையுங்கள். சிக்னல் விட்டுப்போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ரிமோட்டை அணைத்து நிஜமாகவே நிற்கிறதா என்று பாருங்கள்.

மெரினா வேண்டாம். தலைமைச் செயலகம் பக்கத்தில், கடற்படை பக்கத்தில், அதற்கும் மேலே ஜனக்கூட்டம். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வியாபார நோக்கம் இல்லாமல் அதை ஓட்ட பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு வரைபடம் உண்டு. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள இடத்தில் 200 அடிதான். அதைவிட நெருக்கத்தில் முன் அனுமதி இல்லாமல் முடியாது. மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் சேர்ந்து பல்லாவரம், குரோம்பேட்டை, வேளச்சேரி பக்கத்தை அடைத்துவிடுகின்றன. பரங்கிமலையைப் பார்த்து, காற்று மேலே ஏறும் சரிவாயிற்றே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கிளம்பும் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

பெரம்பூரிலிருந்து உங்களுக்கு வசதி பொன்னேரிப் பக்கம். பொங்கல் கழிந்து அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடக்கும். நெல் தாளடி மெத்தென்று இருக்கும், விமானம் இறங்க அதைவிட நல்ல தரை கிடையாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

காலமும் தோதானது அதுதான். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை, மூடுபனி விலகியதும் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அசங்காமல் இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 800 கிராம் பால்சாவைக் கேட்கவா வேண்டும்? ஆனி, ஆடியில் பெட்டியைத் திறக்காதீர்கள். வெயில் நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். அதுவரை மேற்கிலிருந்து வந்த காற்று சில நிமிடங்களில் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறக்க வேண்டும் என்பதால், ரிமோட் ஏரியலில் ஒரு நூலைக் கட்டி அடிக்கடி பாருங்கள்.

முதலில் மோட்டார் இல்லாமல் கையால் எறிந்து பாருங்கள். காற்றை எதிர்த்து நாலு அடி ஓடி, மூக்கு வானத்தைப் பார்க்காமல், 20 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைக் குறிவைத்து நேராகத் தள்ளிவிடுங்கள். மேலே தூக்கி, நின்று, மூக்கால் விழுந்தால் எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசையும் தட்டு) சற்றுக் கீழே திருத்த வேண்டும். நேராகச் சறுக்கும்வரை மோட்டாரைத் தொட வேண்டாம். பிறகு 25 வினாடி ஏற்றி, மோட்டாரை நிறுத்துங்கள். காற்று அசையாத காலையில் இப்படிப்பட்ட கிளைடர் வினாடிக்கு அரை மீட்டர் சொச்சம்தான் இறங்கும். 100 மீட்டரிலிருந்து கிட்டத்தட்ட மூன்று நிமிடம் கிடைக்கும்.

உயரம் இருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். நேராகப் பறக்கவிட்டு, மூக்கை 45 டிகிரி கீழே தாழ்த்தி, எலிவேட்டர் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் எடை மையம் சரி. விருட்டென்று மேலே எழும்பினால் மூக்கு கனம், அது பரவாயில்லை. நிமிராமல் இன்னும் செங்குத்தாகப் போனால் வால் கனம். உடனே மெல்லத் தூக்கி இறக்கி, பேட்டரியை முன்னால் நகர்த்திய பிறகுதான் அடுத்தது.

பேரனுக்கு வரும் குழப்பம் ஒன்றே ஒன்று: விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். யோசிக்க நேரம் இருக்காது. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளச் சொல்லுங்கள், நிமிர்ந்துவிடும். ரொம்பவும் தடுமாறினால் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். நுனிகள் மேலே வளைந்த இறக்கை போதிய உயரத்தில் இருந்தால் தானே சமநிலைக்கு வரும். கட்டி முடிப்பதற்குள் பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரில் பழகட்டும்.

பத்து மணிவாக்கில் தரை சூடானதும் பருந்துகள் இறக்கையடிக்காமல் வட்டமிடத் தொடங்கும். அங்கே சூடான காற்று மேலே ஏறுகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் ஓட்டுங்கள். ஒரு இறக்கை தானாகத் தூக்கினால், தூக்கிய பக்கமே திரும்பி, பருந்து சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். 120 மீட்டர் வரம்பு நினைவிருக்கட்டும்.

உடைப்பானா என்றால், உடைப்பான். மூக்கும் வால் இணைப்பும்தான் முதலில் போகும், இரண்டும் ஒரு மாலை வேலை. ரிப்பு உடைந்தால் அச்சு இல்லாமல் திண்டாட வேண்டாம். கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ரிப்பையும் அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, எண் போட்டு, ஒரு கவரில் பத்திரப்படுத்திவிடுங்கள். அந்த வேலையைப் பேரனிடமே கொடுக்கலாம்.