பழைய ரூட்டர் இருக்கட்டும், அதன் வைஃபையை மட்டும் அணையுங்கள்

கேள்வி: மதுரையில் கீழும் மாடியுமாக எங்கள் வீடு. ஃபைபர் நிறுவனம் கொடுத்த ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. லேண்ட்லைன், கேமரா படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் இரண்டும் அதில்தான். மாடி அறையில் மகனின் வீடியோ மீட்டிங் அடிக்கடி அறுந்துபோகிறது. இரண்டு பெட்டிகள் கொண்ட டெக்கோ மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் கருவி) வாங்கியிருக்கிறோம். கடைக்காரர் பழைய ரூட்டரைக் கழற்றிவிடச் சொல்கிறார். கழற்றினால் நெட்டே வராது என்கிறார் இணைப்பு கொடுத்தவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இணைப்பு கொடுத்தவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் ஹாலில் இருப்பதை ரூட்டர் என்று அழைத்தாலும், அது ஒரே பெட்டியில் மூன்று வேலை பார்க்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுகிறது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி (அதை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கிறது, வைஃபையும் பரப்புகிறது. முதல் வேலையை மெஷ் பெட்டியால் செய்யவே முடியாது, அதில் ஃபைபர் செருக இடமில்லை. லேண்ட்லைனுக்கான குரல் இணைப்பும் பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறது. மூன்றாவது வேலையை மட்டும் மெஷ்ஷிடம் கொடுத்தால் போதும்.

இதில் பலரும் சிக்கிக்கொள்வது இரண்டாவது வேலையில். டெக்கோவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஆப் சொல்கிறபடி மாட்டினால், அது ரூட்டர் மோடில்தான் எழும். அதாவது, அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். பழைய பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருக்க (ஜியோ ஃபைபரில் இது 192.168.29 என்று இருக்கும்), டெக்கோ பெரும்பாலும் 192.168.68 என்று தன் வரிசையைத் தொடங்கும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். நெட் ஓடும், யூடியூப் ஓடும், எல்லாம் சரி என்றுதான் தோன்றும். பழைய வைஃபையில் இருக்கும் பிரின்டரை மெஷ்ஷில் இருக்கும் செல்போன் தேடும்போதுதான் வம்பு தெரியும். தேடலில் பிரின்டர் வராது. டிவி ஒரு பக்கமும் போன் மறுபக்கமும் இருந்தால் படத்தை டிவிக்கு அனுப்பவும் முடியாது. சில ஆன்லைன் விளையாட்டுகளும் முரண்டு பிடிக்கும்.

ஆகவே ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அதில் டெக்கோ வைஃபையை மட்டும் பரப்பும், முகவரி கொடுப்பது பழைய பெட்டியிடமே இருக்கும். முதல் டெக்கோவை ஹாலில் வைத்து, பழைய பெட்டியின் லான் போர்ட் (நெட் ஒயர் செருகும் துளை) ஒன்றிலிருந்து ஒயர் கொடுங்கள். எந்த வகை இணைப்பு என்று ஆப் கேட்கும்போது டைனமிக் ஐபியைத் தேர்ந்தெடுங்கள். பிபிபிஓஇ என்ற தேர்வைத் தொட வேண்டாம். நிறுவனத்தின் யூசர் நேம், பாஸ்வேர்டை எல்லாம் பழைய பெட்டியே பார்த்துக்கொள்கிறது. இப்போதைக்கு மெஷ்ஷுக்கு ஏதாவது ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். நெட் வந்ததும் ஆப்பில் மோர், அட்வான்ஸ்டு, ஆபரேஷன் மோட் என்று போய் ஆக்சஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிகள் ஒருமுறை அணைந்து எழும். போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து பாருங்கள். ஐபி முகவரி பழைய பெட்டியின் வரிசையில் வந்திருந்தால் வேலை முடிந்தது.

இந்த மோடில் பிள்ளைகளின் இணைய நேரத்தைக் கட்டுப்படுத்துவது, எந்தக் கருவிக்கு வேகத்தில் முன்னுரிமை என்று வகுப்பது போன்ற டெக்கோ வசதிகள் கிடைக்காது. அவை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் நிறுவனத்திடம் பேசி, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (முகவரி கொடுக்காமல், நெட்டை அப்படியே டெக்கோவிடம் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லலாம். உங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருப்பதால், மாற்றிய பிறகும் போன் அடிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த வசதிகளுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

அடுத்தது பழைய பெட்டியின் வைஃபை. அதை அணைக்காமல் விட்டால் போன்கள் அதையே பிடித்துத் தொங்கும். மாடிக்குப் போன பிறகும் ஒரு புள்ளி சிக்னலை விடாது. எந்த வைஃபையில் ஒட்டுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல. மெஷ் வழியாகவே பிரவுசரில் பழைய பெட்டியின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) அடித்து உள்ளே போய், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் அணையுங்கள். பிறகு மெஷ்ஷின் தற்காலிகப் பெயரை எடுத்துவிட்டு, பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அதற்கே கொடுங்கள். டிவி, பிரின்டர், ஸ்மார்ட் பல்பு என ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்கும் தொல்லை பெரும்பாலும் மிச்சம். டிவிஆரின் ஒயரைத் தொடவே வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இனி மாடி. சிக்னல் வராத அறையிலேயே இரண்டாவது பெட்டியை வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்தப் பெட்டிக்கும் கீழிருந்து சிக்னல் வந்தாக வேண்டுமே! கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் பெருமளவு செத்துவிடும். படிக்கட்டு ஏறி முடியும் இடம் நல்லது, அங்கே தளத்தில் திறப்பு இருக்கிறது. பீரோவுக்குப் பின்னாலும் டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள்.

அப்படி வைத்தாலும், இரண்டு பெட்டிகளும் காற்றில் பேசிக்கொள்ளும்வரை வேகத்தில் பெரிய துண்டு விழும். உங்களுடையது இரண்டு அலைவரிசை கொண்ட மாடலாக இருந்தால், கீழ்ப் பெட்டியுடன் பேசுவதும் மகனின் லேப்டாப்புடன் பேசுவதும் ஒரே ரேடியோதான். மாடியில் ஏறக்குறைய பாதி வேகம் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். வீடியோ மீட்டிங்குக்கு அது போதும் என்றால் விட்டுவிடலாம். முடிந்தால் ஒயர் இழுங்கள் என்பேன். உங்களைப் போன்ற வீடுகளில் பெரும்பாலும் மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு கேபிள் டிவிக்காகப் பதித்த பைப் ஒன்று இருக்கும். பயன்படாத பழைய டிவி கேபிளின் நுனியில் கேட் 6 என்ற வகை நெட் ஒயரைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும், சுவரை உடைக்க வேண்டாம். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் இதை விடாதீர்கள்.

ஒயர் வாங்கும்போது முழுக்கச் செம்புதானா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் மலிவாகக் கிடைக்கிறது, வேண்டாம். முனையில் கிளிப் அடிப்பவர் எட்டு இழைகளையும் அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு மட்டும் அடித்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. டெக்கோவிலேயே ஈ4 போன்ற மாடல்களின் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ்தான். 200, 300 பிளான் போட்டிருப்பவர்கள் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சஸ் பாயின்ட் மோடில் மாடிப் பெட்டிக்கான ஒயரை முதல் டெக்கோவிலிருந்தும் எடுக்கலாம், பழைய பெட்டியின் லான் போர்ட்டிலிருந்தும் எடுக்கலாம். ரூட்டர் மோடிலேயே வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒயர் முதல் டெக்கோவிலிருந்துதான் போக வேண்டும், பழைய பெட்டியில் செருகினால் குளறுபடி ஆகும்.

எல்லாம் ஓடிய பிறகு ஏதாவது பழைய கருவி மட்டும் அடிக்கடி துண்டித்துக்கொண்டால், ஆப்பில் ஃபாஸ்ட் ரோமிங்கை (ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குக் கருவிகள் சட்டென மாற உதவும் வசதி) அணைத்துப் பாருங்கள். கரன்ட் போனாலும் நெட் வேண்டுமானால் பழைய பெட்டி, இரண்டு டெக்கோ என மூன்றுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். படிக்கட்டுப் பக்கத்து பிளக் இன்வெர்ட்டரில் வருகிறதா என்று மெயினை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.