பழைய டீசல் காரின் எஞ்சின் படுத்துவிட்டால்: கேள்வி பதில்

வந்துள்ள கேள்விகளில் எஞ்சினின் பெரிய பழுதுகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டால், காரணம் தெரியும் வரை சாவியை மறுபடி திருப்பக் கூடாது.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. இப்போது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகவும் லேசாகவும் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. டைமிங் பெல்ட் அறுந்துவிட்டதாக மெக்கானிக் சொல்கிறார். புதிய பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது டைமிங் பெல்ட்தான்; அது அறுந்ததும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். அந்த சிலிண்டர்களில் கம்ப்ரஷன், அதாவது காற்றின் அழுத்தம், இல்லாததால்தான் ஸ்டார்ட்டர் லேசாகச் சுற்றுகிறது. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 16க்கு 1 முதல் 22க்கு 1 வரை இருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி மிகவும் குறுகியது. திறந்து நிற்கும் வால்வுக்கு அங்கே இடமே கிடையாது. எனவே பெரும்பாலும் வால்வுகள் வளைந்திருக்கும். நீங்கள் சாவியைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் பிஸ்டன் அவற்றை மீண்டும் இடித்திருக்கும்.

ஆனாலும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். முதலில் வால்வு கவரைத் திறந்து பாருங்கள். சில எஞ்சின்களில் வால்வுகளை அமுக்கும் ராக்கர்கள் உடைந்து வால்வுகளைக் காப்பாற்றிவிடுவதுண்டு. பிறகு நான்கு பிஸ்டன்களும் பாதி உயரத்தில் நிற்கும்படி கிராங்க் ஷாஃப்டை ஸ்பேனரால் கையாலேயே திருப்பி, அது மேற்கொண்டு நகராதபடி பூட்டிவிட வேண்டும். பிஸ்டன் இறங்கியிருப்பதால் இப்போது கேம் ஷாஃப்டைத் திருப்பினால் எதுவும் இடிக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலைக்கு கேமைக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்வதற்காக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் துளை வழியாகக் காற்றைச் செலுத்திக் காதால் கேளுங்கள். இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது. சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு வளைந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயில் மட்டும் மெல்லிய சீறல் கேட்டால் அது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் காற்று. பழைய எஞ்சினில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

பெல்ட் ஏன் அறுந்தது என்பதையும் கேளுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் இறுகியிருக்கலாம், வாட்டர் பம்ப் சிக்கியிருக்கலாம், கேம் சீலிலிருந்து கசிந்த ஆயில் பெல்ட்டை ஊறவைத்திருக்கலாம். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு இவற்றைப் பழையபடியே விட்டால், அடுத்த பெல்ட்டும் அதே வழியில்தான் போகும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கைப் போலவே ஆண்டுக் கணக்கும் உண்டு என்பதால், காரை அதிகம் ஓட்டவில்லை என்பது காரணமாகாது.

கேள்வி: சிக்னலில் நின்றிருந்தபோது எஞ்சின் தானாகவே வேகம் எடுத்தது. சாவியை அணைத்தும் நிற்கவில்லை. தெருவே மறையும் அளவுக்குப் புகை. கடைசியில் பெரும் சத்தத்துடன் தானாக நின்றது. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: உங்கள் எஞ்சின் டீசலால் ஓடவில்லை, தன் சொந்த ஆயிலைக் குடித்து ஓடியிருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போய்விட்டால் ஆயில் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் நுழையும். டீசல் எஞ்சினில் தீப்பொறி தேவையில்லை, அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதனால் சாவியை அணைத்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. அதை நிறுத்த இரண்டே வழிகள் உள்ளன: பாரத்தால் திணறடிப்பது, அல்லது காற்றை அடைப்பது.

கையால் கியர் மாற்றும் காராக இருந்தால், பிரேக்கை முழுவதும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, உச்ச கியரில் போட்டு கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். வேகம் உச்சத்துக்குப் போன பிறகு கிளட்ச் வழுக்கிவிடும். ஆட்டோமேட்டிக் காரில் இதற்கு வழியில்லை. அதில் இன்டேக் வாயைத் தட்டையான, கெட்டியான பலகையால் மூடலாம், அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அதற்குள் பீய்ச்சலாம். கையால் மூடக் கூடாது. துணியைத் திணித்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஏற்கெனவே உச்ச வேகத்தில் அலறிக்கொண்டிருந்தால் பானட்டைத் திறக்காமல் எல்லோரையும் இறக்கி விலகிப் போய்விடுங்கள். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராட், எஞ்சின் பிளாக்கைத் துளைத்து வெளியே வருவதுண்டு.

இனி டர்போவை மட்டும் மாற்றி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கி நிற்கும் ஆயிலை முழுவதும் வடித்துக் கழுவாவிட்டால், புதிய டர்போவுடனும் முதல் ஸ்டார்ட்டிலேயே இதே கதை நடக்கும். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கரி அடைத்திருந்ததால்தான் பழைய டர்போ போனது என்றால், புதியதும் அதனாலேயே போகும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளிவிடும் பிரீதர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுடைய காரில் எஞ்சின் சத்தத்துடன் நின்றிருப்பதால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றி, ராட்களும் பேரிங்குகளும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆயில் மூடியின் உள்ளே வெண்ணெய் போல் படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பதில்: ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அந்தக் கேஸ்கெட் போனதற்கு இந்தப் படிவு மட்டும் சான்றாகாது; குறுகிய தூரமே ஓடும் கார்களில் ஈரத்தாலும் அது வரும். கூலன்ட் குறைகிறதா, ஆயில் அளவைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே படிவு உள்ளதா, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டர் குழாய் இறுகுகிறதா என்று பாருங்கள். கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருப்பதை நிறம் மாறும் திரவத்தால் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

கேள்வி: ஏசி போட்டால் பிக்கப் குறைகிறது. காரணம் என்ன?

பதில்: இது ஏசி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: டீசல் காரில் தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டார்கள். கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: ஓட்டக் கூடாது, சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். பல கார்களில் அப்போதே டேங்க் பம்ப் வேலை செய்யத் தொடங்கிவிடும். காமன் ரயில் எஞ்சினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரயில்’ எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் எஞ்சினில், உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோலில் அது உலர்ந்து தேய்ந்தால், உதிரும் உலோகத்தூள் இன்ஜெக்டர்கள் வரை போய்ச் சேரும். டேங்கை வடிப்பதோடு முடியும் வேலையைப் பம்ப், ரயில், இன்ஜெக்டர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும் வேலையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தேங்கிய நீரில் போனபோது எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு முறை ஸ்டார்ட் செய்தேன். "டக்" என்ற சத்தத்துடன் நின்றுவிடுகிறது. மீண்டும் முயலலாமா?

பதில்: வேண்டாம் என்று மேலே இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறேன். நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் ராட் வளையும். குளோ பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகு கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அந்த ராட் வளைந்து குட்டையாகியிருக்கலாம். அப்படியே ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே அது உடையக்கூடும்.

கேள்வி: ஆயில் விளக்கு எரிகிறது, அடியில் தட்டும் சத்தமும் கேட்கிறது. கெட்டியான ஆயில் ஊற்றி ஊர் வரை ஓட்டிவிடலாமா? இதையே இன்னும் மூவர் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்.

பதில்: நால்வருக்கும் ஒரே பதில்: ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பான துகள்கள் இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹால் செய்வது வீண் என்பது என் அனுபவம். அதே ரக எஞ்சினைப் பழையதாக வாங்கி மாற்றினேன், இரண்டு நாளில் கார் ஓடியது. ஏன் எல்லோரையும் பிரிக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தால் நானும் மாற்றத்தான் சொல்வேன். வால்வு மட்டும் வளைந்து, கிராங்க் ஷாஃப்டும் சிலிண்டர் சுவர்களும் நன்றாக இருக்கும் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, வரலாறு தெரியாத ஒன்றை வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். வாங்குவதானால், முழுவதும் குளிர்ந்த நிலையில் அதை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். கம்ப்ரஷன் எண்களைக் கேட்டுப் பெறுங்கள். நல்ல நிலையிலுள்ள டீசலில் பொதுவாக 25 முதல் 30 பார் வரை இருக்கும். சிலிண்டர்களுக்கு இடையே 5 பாருக்கு மேல் வேறுபாடு இருந்தால் விட்டுவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலையும் மாற்றிவிட வேண்டும். இன்ஜெக்டர்களின் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைக் காரின் எஞ்சின் கணினியில் பதிவு செய்ய வேண்டிய எஞ்சின்களில், அதைச் செய்யாமல் விட்டால் கார் உதறலுடனும் புகையுடனும்தான் ஓடும்.

அதே வாசகர் மறுபடி எழுதுகிறார்: ஓவர்ஹால் செய்த எஞ்சின்களும் ஆறு மாதத்தில் மீண்டும் பட்டறைக்கு வருகின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அவர் சொல்வது உண்மை. அளக்காமல் கோப்பதே அதற்குக் காரணம். பேரிங் தேய்ந்து போன எஞ்சினில் உலோகத்தூள் ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழுவி மீண்டும் மாட்டினால் எஞ்சிய தூள் புதிய பேரிங்கைத் தின்றுவிடும். கூலரை மாற்றியே ஆக வேண்டும். கிராங்க்கை மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே எந்த அளவு பேரிங் என்று முடிவு செய்ய வேண்டும். பல டீசல் எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கெட் வெவ்வேறு தடிமன்களில் வரும். பிளாக்கின் மட்டத்துக்கு மேல் பிஸ்டன் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்குரிய தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோணக் கணக்கில் முறுக்கும் ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீள்பவை என்பதால் அவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பல எஞ்சின்களில் டீசல் ஹெட்டைச் சீவ உற்பத்தியாளர் அனுமதிப்பதே இல்லை. ஆனாலும் லேத் பட்டறைகளில் சீவிக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் செய்யும் பட்டறை கிடைக்காதவருக்கு, சோதித்து வாங்கிய எஞ்சினே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எஞ்சினைச் சரிசெய்யும் திரவம் என்று விற்கிறார்களே, ஊற்றலாமா?

பதில்: வளைந்த வால்வையோ தேய்ந்த பேரிங்கையோ எந்தத் திரவமும் சரிசெய்யாது.

கேள்வி: ஓவர்ஹால் முடிந்து கார் கைக்கு வரப்போகிறது. தொடக்கத்தில் எப்படி ஓட்ட வேண்டும்?

பதில்: முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் போகாமல் தடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சிறிது சிறிதாகச் சுற்றினார்களா என்று கேளுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நீண்ட நேரம் ஐடிலில் விடாதீர்கள். ரிங்குகள் சிலிண்டரில் படிவதற்கு மிதமான பாரம் வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், உச்ச வேகத்தைத் தவிருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு காலையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆயிலையும் கூலன்ட்டையும் பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் இன்ஜெக்டரிலிருந்து டீசல் கசிந்து ஆயிலில் கலந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே காரை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குச் சொல்லுங்கள்.