மூடாக்கு என்றால் என்ன? வளவுச் சருகை ஏன் எரிக்க வேண்டாம் என்கிறார்கள்?

மூடாக்கு பெரிய வித்தை ஒன்றுமில்லை. செடியைச் சுற்றியுள்ள மண்ணில் வெயில் படாமல் சருகு, வைக்கோல், தேங்காய்ப் பொச்சுமட்டை என்று கிடைப்பதால் மூடிவிடுவது, அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா பக்கத்து வளவுகளில் இருப்பது மணல். கத்தரிக்குக் காலையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கிவிடும், மிச்சத்தை ஆடி வெயில் குடித்துவிடும். திறந்த பானையில் தண்ணீர் வற்றுகிற மாதிரி. சருகுதான் அந்தப் பானைக்கு மூடி. அப்புறம் அது அடியிலிருந்து உக்கி மண்ணோடு சேரும். உக்கல் சேர்ந்த மணல் பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும். மிஞ்சும் சாம்பலையும் கார்த்திகை மழை கழுவிவிடும்.

சில வாரம் கிடந்த பொச்சுமட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கறுத்த ஈரமண், ஒரு மண்புழு, சுருண்ட மரவட்டை, சிலவேளை விருட்டென்று ஓடும் அரணை. இப்படிச் சருகுக்கடியில் இருக்கும் பூச்சிகளைத் தேடித்தான் புலுனிக் குருவிக் கூட்டம் கத்திக்கொண்டு வந்து சருகைக் கிளறும். (கலைத்துவிட்டுத்தான் போகும். கோபிக்காமல் திரும்பக் கூட்டிவிடுங்கள்.)

நாலு விரல் உயரம் போதும். தண்டோடு ஒட்டவிட்டால் அழுகும்.

சருகைக் கொத்திப் புதைப்பதும் மூடாக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, காய்ந்த சருகைப் புதைத்தால் அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, கன்று கொஞ்ச நாளைக்கு மஞ்சளாகிவிடும்.